ஒற்றைக் கயிற்றில் மரம் ஏறுவது: நம்ம கடற்கரை மரங்களுக்கு எந்த செட், எங்கே கட்டு?

#1 சாயல்குடி_வடலி

சாயல்குடி, ஏர்வாடி, உச்சிப்புளி வட்டாரத்தில் மரவேலை. வேம்பு, புளி, பூவரசு அதிகம். ஊடே தென்னையும் பனையும். ஐப்பசி அடைமழைக்கு முன்னால் தலைப்பாரம் குறைப்பது, ஓட்டு வீட்டுக்கு மேல் சாய்ந்த கொப்பை இறக்குவது, இதுதான் முக்கால்வாசி. இப்போது கையில் இருப்பது இரட்டைக் கயிறு முறை. கயிறு கவைக்கு (கொப்பு பிரியும் இடம்) மேல் போய்த் திரும்பி இடுப்புக்கே வரும், பிளேக்ஸ் என்ற உராய்வு முடிச்சில் (எடை விழுந்தால் கயிற்றைப் பிடிக்கும், இளக்கினால் நகரும்) ஏற்றம். ஒரு மீட்டர் ஏற இரண்டு மீட்டர் கயிறு இழுக்க வேண்டும். அதோடு கயிறு பட்டையில் ஓடிக்கொண்டே இருப்பதால் புளியமரத்தில் கயிற்றின் உறை பஞ்சாகிறது.

ஒற்றைக் கயிறுக்கு மாறப் போகிறோம். கேட்க வேண்டியவை: கயிற்றைத் தூரில் கட்டுவதா, உச்சியில் கட்டுவதா? எந்தக் கருவி, எது வெறும் பகட்டு? பனைக்கும் இதே செட் ஆகுமா? உப்புக்காற்றில் சாமான் எத்தனை நாள் தாங்கும்? 12 முதல் 16 மீட்டர் மரங்கள், தரையில் எப்போதும் இரண்டு பேர் இருப்பார்கள்.

#2 முடிச்சுக்காரன்

கருவியைக் கடைசியில் வாங்குங்க. முதல்ல கட்டு.

ஒற்றைக் கயிறுல கயிறு அசையாது, நீங்கதான் அது மேல நகர்றீங்க. அதனால பட்டையில உரசல் போயிரும். இரட்டைக் கயிறுல கவையில உரசல் கூடினா ஏற முடியாம நாமே வேற கவை தேடுவோம். இதுல அந்தத் தொந்தரவு இல்லாததால கயிறு மூணு கவை தாண்டிக் கிடந்தாலும் ஏறிடலாம். வசதியும் அதுதான், வம்பும் அதுதான். எந்தக் கவையில உண்மையில எடை விழுதுன்னு தெரியாமலே ஏறிடுவாங்க.

தூர்க்கட்டு: கயிறு கவைக்கு மேல போய் இந்தப் பக்கம் இறங்கி, தூரைச் சுத்திக் கட்டுறது. உச்சிக்கட்டு: கயிறு முனையை ஒரு சுருக்கா மேல இழுத்து, கவையிலேயே இறுக்குறது.

தூர்க்கட்டுல கவை மேல விழுற எடை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. ஆள் 80, சாமான் 10, ஆக 90 கிலோ ஒரு பக்கம் தொங்கினா, மறுபக்கக் கயிறும் அதைத் தாங்க இழுத்துக்கிட்டிருக்கும். கவைக்கு 180 வரைக்கும் போகும். சொரசொரப்பான புளியம்பட்டையில உராய்வு கொஞ்சத்தைத் தின்னுரும், அதனால முழு ரெண்டு மடங்கு வராது. வழவழன்னு இருக்குற கொப்புல வந்துரும். கணக்குக்கு ரெண்டு மடங்குன்னே வச்சுக்கோங்க. குதிச்சுக் குதிச்சு ஏறினா அதுக்கும் மேல.

உச்சிக்கட்டுல 90 கிலோன்னா 90 கிலோதான். ஆனா மேல ஏதாவது ஆச்சுன்னா தரையில நிக்கிறவன் ஒண்ணும் செய்ய முடியாது, இன்னொருத்தன் ஏறித்தான் இறக்கணும். தரையில ரெண்டு பேர் இருக்காங்கன்னு சொல்றீங்க. அப்போ என் ஓட்டு தூர்க்கட்டுக்கு, அதுவும் இறக்கக்கூடிய தூர்க்கட்டுக்கு.

மரம் பாத்துத் தேர்வு:

புளி: கொப்பு நார் பிடிப்பு உள்ளது, சட்டுன்னு ஒடியாது. பெரிய மரத்துல உள்பொந்து சகஜம், கவைக்குக் கீழ அருவாப் புறத்தால தட்டிக் கேளுங்க.

வேம்பு: நல்ல கட்டை. ஆனா ரெண்டு கொப்பு ஒண்ணுக்கொண்ணு ஒட்டிக் குறுகலா நிக்கிற கவையில பட்டை உள்ளே மடிஞ்சு கிடக்கும். வெளியே கோடு மாதிரி ஒரு பிளவு தெரிஞ்சா அந்தக் கவை வேண்டாம். 'வி' வடிவத்தை விட 'யு' வடிவக் கவை.

பூவரசு: கட்டை கெட்டிதான், மரம் வளைஞ்சு தாழ நிக்கும். பாதிக்குக் கயிறே தேவைப்படாது.

முருங்கை, மயில்கொன்றை, இலவம்: கட்டே போடாதீங்க. முருங்கைக் கொப்பு காய் பறிக்கிறவன் கைக்கே ஒடியும்.

சவுக்கு: பக்கக் கொப்பு எல்லாம் விரல் தடிமன். நடுத்தண்டைச் சுத்திச் சுருக்குத்தான் வழி, அதுவும் தண்டு அந்த உயரத்துல முழங்கைத் தடிமனுக்கு மேல இருந்தா.

பொந்தன்புளி (பெருக்க மரம்னும் சொல்வாங்க): பாக்க யானை மாதிரி, கட்டை பஞ்சு மாதிரி. கயிறு அறுத்து இறங்கும். தொட வேண்டாம்.

உடைமரம்: குடை மாதிரி விரிஞ்சு குட்டையா நிக்கிற முள் மரத்துக்குக் கயிறு எதுக்கு? ஏணி போதும்.

கவை எந்தத் தடிமன்ல இருக்கணும்னு எல்லாரும் கேப்பாங்க. பச்சை மரம், நோய் இல்லை, தண்டுக்குப் பக்கத்துல கயிறு உக்காருதுன்னா, கயிறு படுற இடத்துல குறைஞ்சது 10 செ.மீ. தூர்க்கட்டுன்னா 15க்குக் குறையாம தேடுவேன். தண்டை விட்டு வெளியே தள்ளித் தள்ளிப் போகப் போக அந்தக் கணக்கு செல்லாது.

ஏறுறதுக்கு முன்னாடி சோதனை: ரெண்டு பேர் சேந்து ஏறுற பக்கக் கயிறுல தொங்கி, முழங்கால் மடக்கி நாலஞ்சு தடவை குலுக்கணும். ஒரு நிமிஷம். அப்போ காது மேல இருக்கணும், 'டிக்'குன்னு ஒரு சத்தம் வந்தாலும் கயிறை உருவி வேற கவை.

#3 கச்சான்

தூர்க்கட்டை இவ்வளவு சுலபமா சிபாரிசு பண்ண வேண்டாம்.

ஒண்ணு, இரண்டு மடங்கு எடை. இரண்டு, ஆள் உயிர் தொங்குற கயிறு தரையில, எல்லார் கால்மாட்டிலும் கிடக்குது. இறங்குற கொப்பு அது மேல விழலாம். கீழே கொப்பைத் துண்டு போடுறவன் செயின்சா பார் முனை தொட்டாலே போதும். இறுகி நிக்கிற கயிறுக்கு வெட்டு வேண்டாம், உரசலே போதும். கவை ஒடிஞ்சு செத்தவனை விட கீழே கயிறு அறுபட்டுச் செத்தவனுக்குத்தான் அதிகம் பயப்படணும்.

கொப்பு இறக்குற வேலைன்னா உச்சிக்கட்டு. வெறுமனே ஏறி, பார்த்து, இறங்குற வேலைன்னா தூர்க்கட்டு.

#4 முடிச்சுக்காரன்

> கீழே கொப்பைத் துண்டு போடுறவன் செயின்சா பார் முனை தொட்டாலே போதும்

சரிதான், மறுக்கலை. அதுக்குப் பரிகாரம்: தூர்க்கட்டு வேலை நடக்குற பக்கத்துக்கு எதிர்ப்புறம், நெஞ்சு உயரத்துக்கு மேல. தரையிலிருந்து அந்த உயரம் வரைக்கும் கயிறே கிடையாது. சிவப்பு ரிப்பன். தூரிலிருந்து 3 மீட்டருக்குள்ள செயின்சா ஓடக் கூடாது, கொப்பை இழுத்துட்டுப் போய்த்தான் துண்டு போடணும். இந்த ஒழுங்கு இல்லாத கூட்டம்னா நீங்க சொல்ற மாதிரி உச்சிக்கட்டே மேல்.

இன்னொண்ணு, அந்த இரண்டு மடங்கு எடையை நமக்குச் சாதகமாத் திருப்பலாம். கயிறு ரெண்டு காலும் நேர்கீழா இறங்கினா கவையை நேர்கீழா அமுக்கும். தூர்ப் பக்கக் கால் சாய்வா இறங்கினா, அமுக்கம் ரெண்டு காலுக்கும் நடுவாந்தரத் திசையில போகும். ரெண்டு காலுக்கும் இடைக்கோணம் 60 பாகைன்னா மொத்தம் 1.73 மடங்கு. கொப்பு சாய்ஞ்சிருக்குற திசைக்கு எதிரா, தண்டை நோக்கி அந்த அமுக்கம் போற மாதிரி கயிறைப் போட்டா கொப்பு வளையாது, தண்டுக்குள்ள அழுந்தும். கொப்பை வெளிப்பக்கம் இழுக்குற மாதிரி போட்டா அதே கணக்கு நம்மளைக் கவுத்துரும். கயிறு போட்ட அப்புறம் பத்தடி தள்ளி நின்னு, இழுத்தா கொப்பு எந்தப் பக்கம் போகும்னு பாருங்க.

உச்சிக்கட்டுல ஒரு கண்டிப்பு: சுருக்கு இறுகுற இடத்துல கயிறோட ரெண்டு காலும் ஒரே கொப்பை மட்டும் சுத்தியிருக்கணும். நடுவுல ஒரு சிம்பு மாட்டிக்கிட்டா சுருக்கு அந்தச் சிம்புல இறுகும். ஏறும்போது அது ஒடிஞ்சா அரை மீட்டர் விழுவீங்க, அந்த அதிர்ச்சியில அடுத்ததும் ஒடியும். தூர்க்கட்டுல நாலு கவை தாண்டிக் கிடந்தாலும் தப்பில்லை. மேல் கவை போனா கீழ்க் கவை பிடிக்கும், ஆனா எவ்வளவு தொய்வு வரும்னு முன்கூட்டியே பாத்து வச்சிருக்கணும்.

#5 தொண்டி_வாடை

எறிகயிறு, அதாவது ஏறுகயிற்றைக் கவைக்கு மேல் இழுக்க முதலில் எறியும் மெல்லிய கயிறு, பற்றி யாரும் சொல்லவில்லையே. ஏற்றத்தில் பாதி நேரம் அங்கேதான் போகிறது.

1.8 முதல் 2.2 மி.மீ. வழுக்கும் கயிறு, 50 மீட்டர். எறிபை 300 முதல் 350 கிராம்; பட்டை முரடான புளிக்கு 400. இலேசான பை கவையைத் தாண்டி அப்புறம் கீழே வராமல் மேலேயே நின்றுவிடும். கயிறு ஒரு விரித்த பெட்டியில் கிடக்க வேண்டும். மணலில் போட்டால் முள்ளும் சுள்ளியும் சேர்ந்து சிக்கும். சீமைக்கருவேல முள் எறிகயிற்றோடு மேலே போய், பின்னால் வரும் ஏறுகயிற்றில் குத்தி நிற்பதும் உண்டு.

12 மீட்டர் வரை கையால் எறியலாம். அதற்கு மேல் ஆளுயரக் கம்பில் மாட்டிய பெரிய உண்டிவில். பாம்பன், மண்டபம் பக்கம் காற்று ஓயாது. காற்றுக்கு எதிர்ப்புறம் நின்று எறியாமல், காற்று முதுகில் படும்படி நில்லுங்கள். இல்லையென்றால் மெல்லிய கயிறு வில்லாக வளைந்து பையையே திருப்பிவிடும்.

பை சிக்கினால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். பை கவணிலிருந்து வந்த வேகத்தில் முகத்துக்கே வரும். மறுமுனையை விட்டு உருவுங்கள்.

மின்கம்பி 3 மீட்டருக்குள் இருந்தால் எறியவே வேண்டாம். உப்பு ஏறி நனைந்த கயிறு மின்சாரத்தைக் கடத்தும், செயற்கை இழை என்பதால் கடத்தாது என்ற நம்பிக்கை இந்தக் கடற்கரைக்கு ஆகாது. எறிவதற்கு முன் கதண்டுக் கூடும் மலைத்தேன் ராட்டும் இருக்கிறதா என்றும் ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். பை கூட்டில் பட்டால் ஓடத்தான் முடியும், கயிற்றில் தொங்குபவனுக்கு அதுவும் முடியாது.

#6 உப்பங்காற்று

கருவிக்கு வருகிறேன்.

கயிறு: 11 முதல் 12 மி.மீ., இழுபடாத வகை, இ.என். 1891 (ஐரோப்பியத் தரம்) ஏ வகை முத்திரை. அந்த முத்திரைக்கு 22 கிலோநியூட்டன் (ஒரு கிலோநியூட்டன் சுமார் 100 கிலோ எடை) தாங்க வேண்டும், முடிச்சோடு 15; 50 கிலோவிலிருந்து 150 கிலோவுக்கு எடை கூடும்போது 5 விழுக்காட்டுக்கு மேல் நீளக் கூடாது. மலையேற்றக்காரர்களின் ரப்பர் மாதிரி இழுபடும் கயிறு வேண்டாம், ஒவ்வொரு எட்டும் பாதி வீணாகும். மீன்பிடிக் கடையில் கிடைக்கும் நைலான், பாலிபுரொப்பிலீன் கயிறு கொப்பு இறக்கக்கூட யோசித்துத்தான். ஆளுக்கு வேண்டவே வேண்டாம்.

நீளம்: இறக்கக்கூடிய தூர்க்கட்டுக்குக் கவை உயரத்தைப் போல் மூன்று பங்கு, மேலும் 5 மீட்டர். ஏற ஒன்று, இறங்க ஒன்று, ஆளைத் தரை வரை இறக்க விடுவதற்கு ஒன்று. கவை 15 மீட்டர் என்றால் 50 மீட்டர். 45 மீட்டர் கயிறு வாங்கிவிட்டுப் பாதியில் கயிறு தீர்ந்து ஆள் ஆகாயத்தில் நிற்பது இந்தக் கணக்கைப் போடாததால்தான்.

ஏறும் கருவி: ஒற்றைக் கயிற்றில் வெறும் உராய்வு முடிச்சில் ஏறலாம், இறங்கக் கூடாது. இரட்டைக் கயிற்றில் உங்கள் எடையில் பாதிதான் முடிச்சுக்கு வருகிறது, மீதி மறுகாலில். இதில் முழு எடையும் அந்த முடிச்சுக்கே. இறுகிக் கல்லாகும், வலுக்கட்டாயமாக இளக்கினால் சட்டென்று விட்டு ஓடும், சூட்டில் இழை கண்ணாடி மாதிரி பளபளக்கும். அதற்குத்தான் முடிச்சுக்கு மேலே ரோப் ரெஞ்ச். கெவின் பிங்ஹாம் என்பவர் கண்டுபிடித்த சின்ன அலுமினியத் துண்டு, கயிற்றை ஒரு வளைவு வளைத்துப் பாதி எடையைத் தானே வாங்கிக்கொள்ளும். முடிச்சு மறுபடி இளகும்.

அதை மாட்டும் வரிசை: ஹார்னஸின் (இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் வார்) நடு வளையத்தில் காரபைனர் (பூட்டுள்ள உலோகக் கொக்கி). அதில் 75 செ.மீ. நீளமுள்ள, இரு முனையும் கண் தைத்த, சூடு தாங்கும் 10 மி.மீ. கயிற்றுத் துண்டால் வி.டி. என்ற உராய்வு முடிச்சு: மேலே 4 சுற்று, கீழே 2 பின்னல். ரெஞ்ச் விறைப்பான தாங்கியோடு முடிச்சுக்கு மேலே நிற்கும். முடிச்சுக்குக் கீழே சின்னக் கப்பி, ஏறும்போது முடிச்சைத் தள்ளிக்கொண்டு வர. தரையிலிருந்து ஒரு முழம் மேலே தொங்கிக் கையை விடுங்கள். முடிச்சு உடனே பிடிக்க வேண்டும். கால் விரற்கடை வழுக்கினாலும் ஒரு சுற்று கூட்டுங்கள். இறங்கும்போது இளகவே இல்லை என்றால் ஒரு சுற்று குறையுங்கள். ஈரமான காலையில் பிடித்த முடிச்சு மதிய வெயிலில் வேறு மாதிரி நடக்கும், மறுபடி பார்க்க வேண்டும்.

டைனீமா என்ற செயற்கை இழையில் முடிச்சுக் கயிறு வாங்காதீர்கள். 145 பாகை செல்சியஸ் அளவிலேயே உருகும். வேகமாக ஒரு பத்து மீட்டர் இறங்கினால் முடிச்சுக்குள் என்ன சூடு வருமோ, அதைச் சோதிக்க உங்கள் உடம்பு வேண்டாம்.

இயந்திரக் கருவி என்றால் பெட்ஸல் நிறுவனத்தின் ஜிக்ஜாக், உராய்வு முடிச்சின் வேலையைச் செய்யும். ஒற்றைக் கயிற்றுக்கு அதோடு சிக்கேன் என்ற துணைக்கருவி கட்டாயம். வெறும் ஜிக்ஜாக்கை ஒற்றைக் கயிற்றில் மாட்டுபவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள்.

காலுக்கு: வலது காலில் பாண்டின் மாதிரி கால் ஏற்றி (கயிற்றில் மேலே மட்டும் நகரும் பிடி), இடது முழங்காலில் ரப்பர் வாரோடு முழங்கால் ஏற்றி. நெஞ்சுவார் ஒன்று முடிச்சை மேலே இழுத்துக்கொண்டு வரும். மாடிப்படி மாதிரி ஏறலாம். கால் ஏற்றி உயிர்காக்கும் கருவி அல்ல, அது வெறும் படி. முதல் இரண்டு மூன்று மீட்டருக்குக் கீழ்க்கயிற்றில் கனம் இருக்காது, காலோடு கயிறும் மேலே வரும். தரையில் ஒருவர் முனையைப் பிடித்துக்கொண்டால் தீர்ந்தது.

பல் வைத்த கை ஏற்றி, நெஞ்சு ஏற்றி இரண்டும் குகைக்காரர்களின் செட். விலை குறைவு என்று பலர் அதில் ஆரம்பிக்கிறார்கள். ஏற மட்டும் நல்லது. இறங்க வேண்டுமென்றால் மேலே தொங்கிக்கொண்டே கருவியை மாற்ற வேண்டும், மரவேலைக்கு மேலும் கீழும் நிமிடத்துக்கு ஒருமுறை நகர வேண்டும். தொய்வு விட்டு விழுந்தால் அந்தப் பற்கள் 4 முதல் 6 கிலோநியூட்டனுக்குள் கயிற்று உறையைக் கிழித்துவிடும். பல் கருவிக்கு மேலே தலை போகக் கூடாது, தொய்வு ஒரு சாணும் கூடாது.

காரபைனர்: மூன்று அசைவில் திறக்கும் தானியங்கிப் பூட்டு. திருகுப் பூட்டு கொப்பில் உரசி உரசித் திறந்துகொள்ளும். உச்சிக்கட்டுச் சுருக்கில் காரபைனர் வேண்டாம், மரத்தில் குறுக்கே அழுந்தும்; ரன்னிங் பௌலைன் என்ற சுருக்கு முடிச்சு போடுங்கள், அல்லது ஆல்பைன் பட்டர்ஃபிளை (கயிற்றின் நடுவில் கண் போடும் முடிச்சு) கண்ணில் 10 மி.மீ. எஃகுத் திருகு வளையம். திரும்ப உருவுவதற்கான கயிற்றை அந்தக் கண்ணில் இப்போதே கட்டிவிடுங்கள். வேலை முடிந்த பிறகு ஞாபகம் வந்தால் மறுபடி ஏற வேண்டும்.

ரம்பம், அரிவாள் எதை எடுத்தாலும் வெட்டும்போது இரண்டு கட்டு: ஏறுகயிறு ஒன்று, எஃகுக் கரு உள்ள இடுப்புக்கயிறு ஒன்று.

#7 சாயல்குடி_வடலி

இத்தனைக்கும் நன்றி. பனைக் கேள்வி நிற்கிறது. எறிகயிற்றை ஓலைக்கு மேல் போட்டுத் தூர்க்கட்டு கட்டினால் என்ன?

#8 கருக்குமட்டை

தம்பி, என் பெயரிலேயே பதில் இருக்கு.

பனை மட்டையின் ரெண்டு ஓரமும் கருக்கு. ரம்பப்பல் மாதிரி கறுப்பா, கெட்டியா. ஆள் எடையில இறுகின கயிறு அது மேல உக்காந்து, நீங்க ஏற ஏற அரை அங்குலம் முன்னும் பின்னும் ஆடும். அதுக்குப் பேரு அறுக்குறது. உறை போய் உள்நூல் தெரியுறதுக்கு உச்சி வரைக்கும் போகத் தேவையில்லை. தென்னையில கருக்கு கிடையாது, ஆனா மட்டை தண்டை விட்டுக் கழன்டு விழும். காய்ஞ்ச மட்டையா, நாளைக்குக் காயப்போற மட்டையான்னு தரையில நின்னு சொல்ல முடியாது. கவையே இல்லாத மரத்துல கவைக்கான முறையைத் திணிக்கக் கூடாது.

தண்டுல குத்தி ஏறுற முள் செருப்பும் வேண்டாம். வேம்பு புண்ணை மூடிக்கும், பனையும் தென்னையும் மூடாது. ஒருவித்திலை இனம், தண்டு வெளியே தடிக்கிற அடுக்கு அதுக்குக் கிடையாது. குத்தின ஓட்டை மரம் சாகுற வரைக்கும் ஓட்டைதான். தென்னையில அந்தச் சாறு வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டை வைக்கும், அப்புறம் மரமே போகும். பனைக்குச் சட்டமும் பாதுகாப்பு: வெட்டணும்னா கலெக்டர் அனுமதி வேணும்னு 2021 வேளாண் பட்ஜெட்லயே அறிவிச்சாங்க. குத்திக் கொல்றதுக்கு அனுமதி கேட்டாத் தருவாங்களான்னு தெரியாது.

பனைக்கு ஒத்து வர்றது இது:

தளைநார் (பனையேறிகள் ரெண்டு காலையும் சேத்து மாட்டுற நார் வளையம்) காலில் அப்படியே இருக்கட்டும், அதை மாத்தவே வேண்டாம். காலுக்கு அதை விட நல்ல சாமான் யாரும் செய்யலை. குறை என்னன்னா, பிடி விட்டா ஆளைப் பிடிக்க எதுவும் இல்லை. இடுப்பில ஹார்னஸ் போட்டு, மரத்தைச் சுத்தி ஒரு சுருக்கு. வெறும் வளையமாச் சுத்தின இடுப்புக்கயிறு போதாது. கால் வழுக்கினா வளையம் தண்டோட சறுக்கித் தரை வரைக்கும் வரும், நெஞ்சுத் தோல் உரிஞ்சு வரும். எடை விழுந்ததும் தண்டை இறுக்கிப் பிடிக்கிற சுருக்கா இருக்கணும். ரெண்டு எட்டு ஏறு, சுருக்கை இளக்கித் தலை உயரத்துக்குத் தள்ளு, மறுபடி ரெண்டு எட்டு. பனையும் தென்னையும் கீழே பருத்து மேலே சிறுத்து நிக்கிறதால இறுகின சுருக்கு கீழே சறுக்க இடமில்லை. சுருக்குக் கயிறு மேல பழைய தீயணைப்புக் குழாய் ஒரு முழம் வெட்டிக் கோத்துக்குங்க, செதில் பட்டை கயிறைத் தின்னாது.

ஒற்றைக் கயிறு உச்சியில உதவும். ஓலைக் கொண்டைக்கு ஒரு முழம் கீழே, மட்டை படாத வெறும் தண்டுல ஏறுகயிறைச் சுருக்குப் போட்டு இறுக்கிட்டா, அதுல உக்காந்து பாளை சீவலாம், காய்ந்த மட்டை கழிக்கலாம். அலுத்தா அதுலயே இறங்கலாம். மறுநாளைக்கு எறிகயிறை அந்தச் சுருக்குல விட்டுட்டு வந்தா, கயிறை மறுபடி மேலே இழுத்து ஏறலாம். சுருக்கு மேல உக்காந்துருச்சான்னு தரையிலிருந்து பைனாகுலர்ல பாக்காம எடை போடாதீங்க. கயிறு தரை வரைக்கும் எட்டலைன்னா முனையில ஒரு தடுப்பு முடிச்சு.

பாளை அரிவாளைப் பெட்டியிலிருந்து எடுத்தா, ஏறுகயிறு உங்க கைக்கு எந்தப் பக்கம்னு பாத்துட்டுத்தான் வீசணும். அருவா சவரக்கத்தி கணக்கா இருக்கும்.

#9 கச்சான்

> சுருக்குல விட்டுட்டு வந்தா

எறிகயிறை இரவெல்லாம் மரத்தில் விட்டால் அணில் கடிக்கும், காற்றில் மட்டையோடு உரசும். மறுநாள் அதன் எடைத் தாங்கும் வலு பற்றிக் கவலையில்லை, ஏறுகயிற்றை மேலே இழுக்க மட்டும்தான். சரி. ஆனால் ஏறுகயிற்றையே விட்டுவிட்டு வரும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அது வேண்டாம்.

#10 உப்பங்காற்று

உப்பு பற்றிய கேள்வி.

அலுமினியம் துரு பிடிக்காது என்பது கடற்கரையில் பாதி உண்மை. காரபைனர் வாயில், எஃகு ஆணி அலுமினிய உடம்போடு சேரும் இடத்தில் பாருங்கள், மாவு மாதிரி வெள்ளை பூக்கும். இரண்டு உலோகம், நடுவில் உப்பு ஈரம், அலுமினியம் அரிக்கப்படும். முதல் அடையாளம் கண்ணுக்கு அல்ல, காதுக்கு: வாய் மூடும்போது 'டக்' என்ற சத்தம் மந்தமாகும். அப்புறம் தானாக மூடாது. மூடாத காரபைனர் கொக்கிதான். துடைத்து, கழுவி, உலர்த்தி, உலர் மசகு விட்ட பிறகும் முழுதாக மூடவில்லை என்றால் ரம்பத்தால் இரண்டாக அறுத்துப் போடுங்கள். சும்மா எறிந்தால் யாராவது எடுத்துச் சாவி மாட்டி, பிறகு அவர் மகன் மரத்துக்குக் கொண்டு போவான்.

எண்ணெய் விடாதீர்கள். எண்ணெயில் மணல் ஒட்டும், மணல் சுருள்வில்லையும் கயிற்றையும் தேய்க்கும்.

கழுவுவது: வேலை நாள் ஒவ்வொன்றும், நல்ல தண்ணீரில். இங்கேதான் நம் ஊர்ச் சிக்கல். கடலோரத்துப் போர்த் தண்ணீரே உவர். அதில் கழுவினால் உப்பை உப்பால் கழுவுவது. கடைசி அலசல் குடிதண்ணீரில், ஒரு வாளி போதும், உலோகச் சாமானுக்கு மட்டுமாவது. கயிற்றை மாதம் ஒரு தடவை 30 பாகைக்கு மேல் போகாத தண்ணீரில், காரமில்லாத சோப்பில் அலசி, நிழலில் காயவையுங்கள். மொட்டை மாடி வெயில் கயிற்றுக்கு விஷம்.

மணல்: கயிறு எப்போதும் தார்ப்பாயில். மணல் துகள் உறை வழியாக உள்ளே போய்விட்டால் வெளியிலிருந்து தெரியாது, ஒவ்வொரு எட்டிலும் உள்நூலை அறுக்கும். வாரம் ஒரு தடவை முழுக் கயிற்றையும் விரலிடுக்கில் ஓடவிட்டுத் தடவுங்கள். மெலிந்த இடம், கட்டியான இடம், மடித்தால் வளையம் உருண்டையாக நிற்காமல் ஒடிந்து மடியும் இடம் எங்கேயாவது தட்டினால் அங்கே வெட்டி இரண்டு கயிறாக்கிக்கொள்ளுங்கள்.

நனைந்த நைலான் 10 முதல் 15 விழுக்காடு வலு குறையும், காய்ந்ததும் திரும்பும். பாலியெஸ்டருக்கு அந்தக் குறை அநேகமாக இல்லை.

#11 கருக்குமட்டை

பாலியெஸ்டருக்கு வேற குறை இருக்கு. சுண்ணாம்பு. பதநீர்க் கலயத்துல தடவுற சுண்ணாம்பு கடுங்காரம், பாலியெஸ்டர் இழையை அரிக்கும். நைலான் காரத்துக்குத் தாங்கும், ஆனா பேட்டரி அமிலத்துக்குத் தாங்காது. பனையில ஏறுறவங்க சுண்ணாம்பு டப்பாவைக் கயிறுப் பையில போடாதீங்க. வண்டி பேட்டரி பக்கத்துலயும் கயிறு வேண்டாம். சுண்ணாம்பு சிந்தின இடத்தை உடனே அலசிட்டு, அந்த இடத்துல குறி போட்டு வைங்க.

#12 தொண்டி_வாடை

இறக்கக்கூடிய தூர்க்கட்டு என்று இரண்டு பேர் சொல்லியாகிவிட்டது. எப்படிக் கட்டுவது என்று ஒருவரும் சொல்லவில்லை.

#13 முடிச்சுக்காரன்

சொல்றேன்.

தூரைச் சுத்தி, நெஞ்சு உயரத்துக்கு மேல, அகலமான சிலிங் (பட்டை வளையம்). ரெண்டு சுத்து, கீழே சறுக்காம. அதுல பேரிக்காய் வடிவப் பெரிய எஃகுக் காரபைனர். ஏறுகயிறோட தூர்ப் பக்கக் காலை இழுத்துத் தொய்வு எடுத்து, அந்தக் காரபைனர்ல இத்தாலிய முடிச்சு (எடையோட கயிறை மெதுவா விட உதவுற உராய்வு முடிச்சு). அதைப் பூட்ட: கீழ்முனைக் கயிறை மடிச்சு ஒரு கண்ணு, அந்தக் கண்ணை எடை தாங்குற காலைச் சுத்திக் கோத்து இழுத்தா கழுதை முடிச்சு, மிச்சக் கண்ணை அதே கால் மேல ஒரு சாதா முடிச்சாப் போட்டுப் பூட்டு. மிச்சக் கயிறு பூராவும் பக்கத்துல பையில சிக்கலில்லாமக் கிடக்கணும். அதுதான் ஆளை இறக்கப்போற கயிறு.

அவசரத்துல: சாதா முடிச்சை அவிழ், கீழ்முனையை இறுக்கிப் பிடி, பிடியை விடாம அந்த முனையையே வெடுக்குன்னு இழு, கழுதை முடிச்சு கழன்டுரும், இத்தாலிய முடிச்சுல எடை வரும். கையுறையோட மெதுவா விடு. கவையில உராய்வு இருக்குறதால ஒரு ஆளே 90 கிலோவை இறக்கலாம். இறக்கி முடிச்சதும் கயிறு முறுக்கிக் கிடக்கும், அது இந்த முடிச்சோட குணம். பணம் இருந்தா பெட்ஸல் ரிக் மாதிரி இறக்கி ஒண்ணை நிரந்தரமா அங்கே மாட்டிடலாம்.

இது வேலை செய்யாத நேரம் மூணு. மேல இருக்குறவர் இடுப்புக்கயிறையும் மரத்துல கட்டியிருந்தா, கீழே எவ்வளவு விட்டாலும் அங்கேயேதான் தொங்குவார். ஏறுகயிறு நடுவுல வேற கவை வழியா திசைமாறிப் போயிருந்தா, அவர் எந்தக் கொப்புல மோதி இறங்குவார்னு சொல்ல முடியாது. கயிறு மேல வெட்டின கொப்பு கிடந்தா, அதையும் சேத்து இழுப்பீங்க. அதனால ரெண்டாவது ஆளுக்கும் ஒரு ஹார்னஸ், ஒரு ஏறு செட், மாட்டின நிலையில தரையில இருக்கணும். அசைவில்லாம ஹார்னஸ்ல தொங்குற ஆளுக்கு ரத்தம் காலில தங்கிரும், நிமிஷக் கணக்குத்தான். 108க்குக் கூப்பிடுறது ஒரு ஆள் வேலை, அதே நேரம் இறக்குறது இன்னொரு ஆள் வேலை. வண்டி வர்றதுக்குள்ள ஆள் தரையில இருக்கணும். மாதம் ஒரு தடவை மணல் மூட்டை 80 கிலோ கட்டி இறக்கிப் பாருங்க.

#14 சாயல்குடி_வடலி

இதுவரைக்கும் முடிவு: 11.7 மி.மீ. கயிறு 50 மீட்டர், ரோப் ரெஞ்ச், வி.டி. முடிச்சு, வலது காலுக்கு ஏற்றி மட்டும், முழங்கால் ஏற்றி அடுத்த வருஷம். வேம்பு, புளிக்கு இறக்கக்கூடிய தூர்க்கட்டு. கொப்பு வெட்டி இறக்கும் நாள்களில் உச்சிக்கட்டு, இரண்டாவது ஏறு செட்டோடு. பனைக்குத் தளைநாரோடு சுருக்கு.

ஒரு சந்தேகம் மட்டும்: இத்தாலிய முடிச்சில் கீழ்முனை காரபைனரின் எந்தப் பக்கம் வர வேண்டும்? வாய்ப் பக்கமா, முதுகுப் பக்கமா?

#15 முடிச்சுக்காரன்

முதுகுப் பக்கம். வாய்ப் பக்கம் வந்தா ஓடுற கயிறு பூட்டைத் தேய்ச்சுத் திருகித் திறந்துவிடும்.

#16 கச்சான்

பூட்டும் திருகுப் பூட்டா இருக்கக் கூடாது, அதே காரணம்தான். மேலே சொன்ன மூன்று அசைவுப் பூட்டையே தூருக்கும் போடுங்க.